புதுப்பிப்பு: சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்

வேலூர் சிறையிலிருந்து சித்தப்பா விடுதலையாகப் போகிறார், என்ன ஏற்பாடு செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வந்துவிட்டார்.

வேலை தேடுமுன் அடையாள ஆவணங்களைச் சரிசெய்யச் சொன்னவர்களுக்கு நன்றி. ரேஷன் கார்டில் பெயரைச் சேர்க்க வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. தையல் கடை வைக்க உதவி கேட்டு நன்னடத்தை அலுவலரை (விடுதலையானவர்களின் மறுவாழ்வுக்கு உதவும் அரசு அலுவலர்) பார்த்தோம். விடுதலையானவர்களுக்கென்றே உதவிச் சங்கம் இருக்கிறது, விண்ணப்பம் போயிருக்கிறது.

வீட்டில்தான் சங்கடம் அதிகம். இரவில் சித்தி கதவைச் சாத்தினாலே சித்தப்பா முகம் மாறிவிடும். இப்போது தாழ்ப்பாளை அவரே போடுகிறார், அப்புறம் பரவாயில்லை. உறவினர்கள்தான் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்! வழக்கைப் பற்றி யார் வாயெடுத்தாலும் பாட்டி காபி போட எழுந்துவிடுகிறார். பழைய தையல் மிஷின் விலைக்கு இருந்தால் சொல்லுங்கள்.