ஆங்கில மரபுத்தொடர்களை மறக்காமல் படிப்பது எவ்வாறு?

தக்கலை மாணவி:
மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வின் ஆங்கிலப் பகுதியில் மரபுத்தொடர்களுக்குப் பொருள் கேட்கிறார்கள். வழிகாட்டி நூல்களில் அகர வரிசையில் உள்ளவற்றை மனப்பாடம் செய்தால் சில நாள்களில் மறந்துவிடுகின்றன. தமிழ்வழியில் படித்த என் போன்றோருக்கு ஏற்ற முறை உண்டா?

குளச்சல் ஆசிரியர்:
அகர வரிசையைக் கைவிட்டு, எந்தத் தொழிலிலிருந்து பிறந்தவை என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பாய்க்கப்பல் மாலுமிகளின் பேச்சு ஆங்கிலத்தில் ஏராளமாகத் தங்கியிருப்பதால், கடலோரமான நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்குவது எளிது. 'டேக்கன் அபேக்' என்பதற்குத் திகைத்துப்போதல் என்று பொருள். காற்று திடீரென முன்புறமிருந்து அடித்துப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்த, கப்பல் மேற்செல்ல இயலாமல் நின்றுவிடும் நிலையே அத்தொடராயிற்று. 'பை அண்ட் லார்ஜ்' என்றால் பொதுவாக, பெரும்பாலும். காற்றை எதிர்கொண்டு ஓடுவது 'பை', பின்காற்றில் ஓடுவது 'லார்ஜ்'. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எல்லா நிலைமைக்கும் பொருந்துவது என்றாகிறது. முட்டம் கலங்கரை விளக்கத்தருகே நின்று நோக்கினால் தொலைவில் தெரியும் கடற்பரப்பு இருக்கிறதல்லவா, அதுதான் 'ஆஃபிங்'. அங்கே கப்பல் தென்பட்டால் விரைவில் கரைக்கு வரும் என்பதால், 'இன் தி ஆஃபிங்' என்பது விரைவில் நிகழவிருப்பதைக் குறிக்கிறது. 'தொலைவில்' என்ற விடையைத் தேர்ந்துவிடாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்:
ஆசிரியர் ஐயா கூறும் முறை நல்லது. ஆயினும் இணையத்தில் உலவும் தோற்றக் கதைகள் அனைத்தையும் நம்பிவிடக் கூடாது. பெருமழையைக் குறிக்கும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்கு, கூரை வைக்கோலில் உறங்கிய நாய்களும் பூனைகளும் மழையில் வழுக்கி விழுந்ததாக ஒரு கதை உண்டு. ஓலை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த நம் பெரியவர்களைக் கேட்டாலே அது நடவாதது என்பது விளங்கும். அத்தொடரின் தோற்றம் இன்றளவும் உறுதிப்படவில்லை. பொருளை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

தக்கலை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பதும் கப்பல் தொடர்தானா ஐயா? 'ஷீட்' என்பது பாய்த்துணியா?

குளச்சல் ஆசிரியர்:
கப்பல் தொடர்தான். ஆனால் 'ஷீட்' என்பது துணியன்று, பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டும் கயிறு. கயிறுகள் அவிழ்ந்தால் பாய்கள் படபடத்துக் கப்பல் தள்ளாடும். ஆகவே நிலைகொள்ளாத அளவுக்குக் குடித்திருப்பவரைப் பற்றி அவ்வாறு சொல்கிறார்கள்.