சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கமாக: மனாகுவா அனுபவம்

மத்திய அமெரிக்கப் பக்கம் போய் வந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் மூன்று வாரம் இருந்தேன். பெரும்பாலான பயணிகள் விமானம் இறங்கியதும் நேரே கிரனாடாவுக்கோ லியோனுக்கோ போய்விடுகிறார்கள், மனாகுவாவில் பார்க்க ஒன்றுமில்லை என்பது பொதுவான பேச்சு. எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை.

முதல் நாள் நான் தங்கிய வீட்டு அம்மா ஒரு துண்டுச்சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். தெருப் பெயரும் இல்லை, கதவிலக்கமும் இல்லை. ‘அர்போலித்தோவிலிருந்து ஏரிப் பக்கம் 2 குவாத்ரா, மேலே அரை குவாத்ரா’, அவ்வளவுதான். அர்போலித்தோ என்றால் சின்ன மரம், குவாத்ரா என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை. சாயங்காலம் டாக்சியை விட்டு இறங்கி மரத்தைத் தேடினால் மரமே காணோம், சரி, மேலே என்று இருக்கிறதே என்று மேடாகத் தெரிந்த பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த ஊரில் ஏரியிலிருந்து தெற்கே போகப் போகத்தான் நிலம் உயர்கிறது, ஆகவே வீட்டிலிருந்து விலகிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு பெட்டிக்கடைக்கார அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பி, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் காட்டி “அபாஹோ” என்றார், அதாவது கீழே. பிறகு எதிர்ப்பக்கம் கைகாட்டி “அர்ரீபா”, மேலே. சூரியன் ஏறும் கிழக்கு மேலே, இறங்கும் மேற்கு கீழே, வடக்கு என்றால் ஏரி. இது பிடிபட்ட பிறகு ஊரில் எங்கே போகவும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

அந்தச் சின்ன மரம் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இல்லாத தியேட்டர், இல்லாத கடை என்று பல முகவரிகள் இப்படித்தான் தொடங்குகின்றன. 1972 டிசம்பர் 23, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்துக்குள் வந்த நிலநடுக்கத்தில் நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமானது, ஆயிரக்கணக்கான பேர் செத்துப்போனார்கள். 1931-லும் ஒருமுறை இப்படி இடிந்த ஊர்தான். 72-க்குப் பிறகு பழைய மையத்தைப் பழையபடி கட்டவே இல்லை, ஊர் சுற்றிலும் சிதறி வளர்ந்தது. மனிதர்கள் மட்டும் பழைய ஊரை வாயில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனாகுவாவை அசிங்கமான ஊர் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய கதீட்ரலை அவசியம் பாருங்கள். இரண்டு கோபுரமும் நிற்கின்றன, சுவரெல்லாம் விரிசல், உள்ளே விடுவதில்லை. பக்கத்திலேயே 1969-ல் கட்டிய, நிகராகுவாக் கவிஞர் ரூபன் தாரியோ பெயரிலான நாடக அரங்கு, நிலநடுக்கத்தில் தப்பியது. புதிய கதீட்ரல் 1993-ல் வந்தது, மெக்சிகோ கட்டடக் கலைஞர் ரிக்கார்தோ லெகொர்ரேத்தா வடிவமைத்தது, கூரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கும்மட்டங்கள். திஸ்காப்பா குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் எரிமலைவாய் ஏரி, எதிரே முகவரிகளில் வருகிற அந்த ஏரி, ஷோலோட்லான் என்பது அதன் பெயர், வானம் தெளிந்திருந்தால் அதற்கப்பால் மொமோத்தொம்போ எரிமலையும் தெரியும்.

ஆனால் என் மனதில் நிற்பது அகாவலிங்கா. சுமார் 2,000 வருடங்களுக்கு முன் எரிமலைச் சேற்றில் நடந்தவர்களின் காலடிகள், அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டன. குதிகால் பதிந்த பள்ளமும் விரல்கள் அழுந்திய இடமும் தனித்தனியாகத் தெரிகின்றன. எல்லா அடியும் ஏரியைப் பார்த்துப் போகின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சோறும் பீன்ஸும் சேர்த்து வதக்கிய காயோ பின்ட்டோ எங்கும் உண்டு. வறுத்த சோளமாவும் கொக்கோவும் கலந்த பினொலியோ ஒரு தடவையாவது குடியுங்கள், சுரைக்குடுவை மாதிரியான கோப்பையில் தருவார்கள், அடியில் நறநறவென்று மாவு தங்கும், ஆட்டி ஆட்டிக் குடிக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் வெயில் தாங்காது.

மறுமொழி:

அண்ணா, படித்ததும் எனக்கு அந்தப் புழுதி வாசனையே வந்துவிட்டது. டாக்சி பற்றி ஒன்று சேர்க்கிறேன், மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிட வேண்டும், வழியில் வேறு ஆளையும் ஏற்றிக்கொள்வார்கள், பயந்துவிடாதீர்கள். இரவில் மட்டும் தங்குமிடத்தில் சொல்லித் தெரிந்த வண்டியை வரவழைப்பது நல்லது.

முடிந்தால் டிசம்பர் 7 அன்று அங்கே இருக்கப் பாருங்கள். மறுநாள் அமலோற்பவ மாதா திருநாள். அந்தி சாய்ந்ததும் தெருவெல்லாம் ஜனம், வீடு வீடாகப் போய் வாசலில் இருக்கும் மாதா பீடத்தின் முன் நின்று “இவ்வளவு சந்தோஷத்துக்கு யார் காரணம்?” என்று ஒருவர் கத்த, “மரியாளின் உற்பவம்!” என்று மற்றவர்கள் பதில் கத்துகிறார்கள். நான் தள்ளி நின்று வேடிக்கைதான் பார்த்தேன், ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துவந்து வரிசையில் நிறுத்திவிட்டார். கரும்புத் துண்டும் மிட்டாயும் ஒரு எலுமிச்சையும் என் பையில் விழுந்தன. அடுத்த வீடு எங்கே என்று கேட்டேன். “ஒரு குவாத்ரா, ஏரிப் பக்கம்” என்றார்.