சுகாதாரச் சட்டங்களுக்காகவே உழைத்த வழக்கறிஞர்: நினைவேந்தலில் எதைச் சொல்வது?

நொய்யல்கரை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா கோவையிலும் ஈரோட்டிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கறிஞராக இருந்தவர். சென்ற மாதம் காலமானார். பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டதால் எழுதவில்லை. அவரிடம் ஒருமுறையாவது மருத்துவச் சீட்டை நீட்டியவர்களுக்குப் பெயர் இல்லாமலே ஆள் விளங்கிவிடும். பாகப்பிரிவினை, காசோலை வழக்கு என்று சம்பாதிக்க வழிகள் இருந்தும், மருத்துவமனைகள், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, நோயாளியின் உரிமைகள் ஆகியவை பற்றிய சட்டங்களிலும் விதிகளிலும் தம் காலத்தைச் செலவிட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவேந்தல் கூட்டத்தில் குடும்பத்தின் சார்பில் பத்து நிமிடம் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவள், சட்டம் தெரியாது. இதற்கிடையில் ஃபிளெக்ஸில், "விபத்தில் அடிபட்டவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவர்" என்று அச்சடித்துவிட்டார்கள். இது சரிதானா? வீட்டில் இரண்டு இரும்புப் பெட்டிகள் நிறைய, அரசுத் துறைகளுக்கு அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் இருக்கின்றன. ஆனால் இது அவர் வாதாடி வாங்கிய பெரிய தீர்ப்பு என்று எடுத்துக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை.

நான் கண்ணால் பார்த்தது திண்ணை மட்டும்தான். வந்தவர் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருப்பார், பிறகு, "சீட்டு வெச்சிருக்கீங்ளா?" என்று கேட்பார். ஓ.பி. சீட்டு, பில், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வாரியாகத் திண்ணையில் பரப்புவார். எந்த நாளுக்குச் சீட்டு இல்லையோ அந்த இடத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்து, அதில் பென்சிலால் தேதியை மட்டும் எழுதுவார். இதற்கு மேல் அவருடைய வேலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரோடு பழகியவர்கள் உதவ வேண்டும்.

பழைய ஜூனியர் (கோவை)

அம்மா, நான் உங்கள் பெரியப்பாவிடம் ஒன்பது ஆண்டுகள் ஜூனியராக இருந்தவன். ஃபிளெக்ஸில் உள்ள வரி தவறு. அவர் இருந்திருந்தால் அதை இறக்கச் சொல்லியிருப்பார். போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திராமல், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் அடிபட்டவரின் உயிரைக் காக்க உடனே முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1989இல், பரமானந்த கட்டாரா வழக்கில். ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதி, அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்ப, வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது என்ற பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்த வழக்கு அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவிலும் அந்தக் கடமை 1994 திருத்தத்தில் எழுதப்பட்டது. 1996இல், மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்பவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், அவசரச் சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பை மீறுவதாகும் என்று கூறி 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னார்கள். இவற்றில் எதிலும் நம்மவர் வாதாடவில்லை.

அவருடைய வேலை தீர்ப்பு வந்த மறுநாள் தொடங்கும். பல்லடம் சாலையில் லாரி இடித்துக் கிடந்த ஒரு தறித் தொழிலாளியோடு ஓர் இரவு அவர் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். முன்பணம் கட்டினால்தான் உள்ளே என்றார்கள். தீர்ப்பின் நகல் அவர் பையிலேயே இருந்தது. அதை எடுக்காமல், "எந்த விதிப்படி கேக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மேலாளர் ஒளிக்காமல், "விதியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, இங்க வழக்கம் இப்படித்தான்" என்றாராம். பணத்தைக் கட்டிவிட்டு வந்தவர் அந்தப் பதிலைப் பல ஆண்டுகள் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, வழக்கம் பில் கவுன்டரில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எழுதப்படாமல் கிடக்கும் இடத்தில்தான் தமக்கு வேலை என்பார்.

அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல். இருபத்தோர் ஆண்டுகள்! உங்கள் வீட்டு இரும்புப் பெட்டிகளில் பாதி அந்த விதிகளுக்காக எழுதிய கடிதங்களாகத்தான் இருக்கும். "விதிகளை விரைந்து வெளியிடுக" என்று மொட்டையாக எழுதிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டதில்லை. கட்டணப் பட்டியலை எந்த மொழியில், எங்கே ஒட்டுவது, பதிவேட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பது, பத்துப் படுக்கை கொண்ட சிறு மருத்துவமனையால் எதைச் செய்ய இயலும், எதை இயலாது என்று வரி வரியாக வரைவே எழுதி அனுப்புவார்.

இதில் எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விதிகளை வெளியிட அரசுக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம் என்று நான் பலமுறை சொன்னேன். "கோர்ட் விதியெழுதச் சொல்லலாம் கண்ணு, எழுதறது துறைதானே. எழுதறவங்க கையில நல்ல வரைவு இருந்தா நம்ம வேலை பாதி முடிஞ்சுது" என்பார். அதில் நியாயம் இருந்தாலும், இன்னும் முன்பே நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

2021 டிசம்பரில், விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் வந்தபோது, நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் எங்கள் எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொடுத்தார். அந்த டீ ஆறுவதற்குள், நிலை சீராகாத நோயாளிக்கு நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில் யார் பொறுப்பு என்று பேக்கரித் தாளிலேயே அடுத்த கடிதத்தைத் தொடங்கிவிட்டார்.

மில் காலனி (சிங்காநல்லூர்)

என் அப்பா பஞ்சாலையில் ப்ளோ ரூமில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பஞ்சைப் பிரித்து அடிக்கும் இடம் என்பதால் ஆலையிலேயே தூசி மிகுந்த பகுதி அதுதான். மூச்சிரைப்பு முற்றியபோது ஆலைத் தரப்பில், பீடி பிடித்ததால் வந்தது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அப்பா பீடி பிடித்தவர்தான், அதை மறுக்க வழியில்லை.

உங்கள் பெரியப்பா அப்பாவின் பழைய இ.எஸ்.ஐ. சீட்டுகளையெல்லாம் கேட்டார். அம்மா அரிசி டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தவற்றை எடுத்துக்கொண்டு போனோம். நீங்கள் சொன்னது போலவே வரிசையாகப் பரப்பிவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் கிழமையைக் குறித்தார். தொடக்க ஆண்டுகளில் அப்பா நெஞ்சு இறுக்கம் என்று மருந்தகத்துக்குப் போனதெல்லாம் பெரும்பாலும் வார விடுமுறைக்கு அடுத்த நாள். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசி நோயின் ஆரம்ப அடையாளம் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். "பீடி இருமலுக்குக் கெழமை தெரியாதுங்க" என்று அவர் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய் இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே இருந்தது; அட்டவணையில் இருப்பது வேறு, அதை ஒருவருக்கு நிரூபிப்பது வேறு. மருத்துவக் குழு ஏற்றுக்கொண்டு, அப்பா இருந்தவரை மாதத் தொகை வந்தது. கட்டணம் என்று அவர் வாங்கியது ஒரு பை நிலக்கடலை.

அதோடு விடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறதாம். அதே ஏற்பாடு பஞ்சாலைக்கும் வேண்டும், தொழிலாளியின் நோய்க்கு ஆதாரம் அவர் வீட்டு அரிசி டின்னில் இருக்கக் கூடாது என்று எழுதினார். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அப்பாவுக்கும் அனுப்பியிருந்தார். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதலில் தொடங்கியதே 1955இல் இந்தக் கோவையில்தான், இங்கிருந்தே இந்தக் கோரிக்கை போக வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும்.

ஓய்வு பெற்ற மருத்துவர் (கோபிசெட்டிபாளையம்)

மருத்துவர்களாகிய நாங்கள் ஒரு காலத்தில் அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறோம். 1995இல் உச்ச நீதிமன்றத்தில் சாந்தா வழக்கில், கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பானபோது, எங்கள் கூட்டத்தில் சட்டத்தை விளக்க அவரை அழைத்திருந்தோம். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, தீர்ப்பின் குறை மருத்துவர்களைச் சேர்த்தது அன்று, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனைகளை வெளியே விட்டதுதான் என்றார். காசு கொடுத்தவருக்குக் கேட்க ஒரு மன்றம் கிடைத்துவிட்டது, தர்ம ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எங்கே போவார் என்று கேட்டார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் ஒன்றை நான் சாட்சியாகச் சொல்ல முடியும்: மருத்துவர் மீது குற்ற வழக்குப் போடச் சொல்லி வந்தவர்களை அவர் பெரும்பாலும் திருப்பியனுப்பினார். சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது, மிகக் கடுமையான அசட்டை இருந்தால் மட்டுமே குற்ற வழக்கு என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய வழக்கம் அதுதான். முதலில் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்வார். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. பின்னொரு கூட்டத்தில், உங்களில் எத்தனை பேர் அப்படித் தருகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, அறுபது பேர் இருந்த அறையில் நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் என் கை இல்லை. அடுத்த வாரமே என் மருத்துவமனையில் அதற்கென ஒரு நோட்டுப் போட்டேன்.

நொய்யல்கரை (திருப்பூர்)

மூவருக்கும் நன்றி. ஃபிளெக்ஸை மாற்றச் சொல்லிவிட்டேன். பெயரும் தேதியும் படமும் மட்டும் இருக்கும். நேற்றிரவு பெரியம்மாவோடு உட்கார்ந்து முதல் பெட்டியைத் திறந்தோம். ஜூனியர் ஐயா சொன்னது சரி: 1998இலிருந்து ஒரே பொருளில் கடிதங்கள் அடுக்கியிருக்கின்றன, பதில் வராதவற்றின் பின்னால் தேதி எழுதிய வெற்றுத்தாள்கள். பத்து நிமிடத்தில் அவற்றில் இரண்டு மூன்று கடிதங்களைப் படிக்கலாம் என்றிருக்கிறேன். மில் காலனி அண்ணா, உங்கள் அப்பாவுக்கு அனுப்பிய நகல் இருந்தால் கொண்டுவாருங்கள், இங்கே உள்ள கடிதக் கட்டுகளில் அது இல்லை. மருத்துவர் ஐயா, தாங்களும் அவசியம் வர வேண்டும். முடிந்தால் அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். காலை பத்தரை மணிக்குத் தொடங்குகிறோம், மதியச் சாப்பாடு அங்கேயே.