பிரசவ கவனிப்பின் தரத்தை அளப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்காக, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாய்மார்களுக்குக் கிடைக்கும் கவனிப்பின் தரத்தை ஆய்வு செய்கிறேன். மருத்துவக் கவனிப்பின் தரத்தை ஆராய்ந்த டொனபெடியன் 1966-ல் சொன்ன கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்ற பிரிப்புதான் அடிப்படை.

கட்டிடம், மருந்து, ஆட்களைக் கணக்கெடுத்துவிட்டேன். செயல்முறையில், அதாவது கவனிப்பு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஓர் இடத்தில் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ரத்த அழுத்தம் 110/70. அன்று பரிசோதனைக்கு வந்த ஐந்து பேரைக் கேட்டேன். இரண்டு பேர் கையில் பட்டையே கட்டவில்லை என்றார்கள். சூல்வலிப்பு (கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு) வருமுன் எச்சரிப்பதே அந்த அளவுதானே! பதிவேட்டை நம்பி மதிப்பெண் போட மனசு வரவில்லை.

தாய்மாரைக் கேட்டால், மாமியார் பக்கத்தில் இருக்க, "நல்லாத்தான் பாத்தாங்க" என்ற ஒரே பதில். நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்காவிடம் வீட்டில் தனியாகப் பேசியபோதுதான், வலியில் கத்தியதற்குத் திட்டு வாங்கியதைச் சொல்லி அழுதார்.

மரியாதையான கவனிப்பு பற்றிய கேள்விகளை நம்ம பக்கத்துப் பேச்சுத் தமிழில் யாராவது தயாரித்திருக்கிறீர்களா? பேட்டியை வீடு திரும்பும் நாளில் எடுப்பதா, பிரசவமான 42-ம் நாளிலா? தலைப்பிரசவம் என்றால் பலர் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து நேரில் பார்த்துக் குறித்தவர்கள் உண்டா? ஆள் நிற்கிறது என்றால் எல்லோரும் கவனமாகத்தான் செய்வார்கள். அதை எப்படிச் சமாளித்தீர்கள்? கிராம சுகாதார செவிலியர் அக்காமார் அவசியம் சொல்லுங்கள். சம்பா நடவுக்கு முன் களவேலையை முடித்தாக வேண்டும்.