இயங்குபெயர்ச்சி: ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமல் கொத்து மாற்றுவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு கொத்தில் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் சேவையகங்களின் தொகுப்பில்) ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை (மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினியை), அதை அணைக்காமலே, அதன் வட்டுகளோடு இன்னொரு கொத்துக்குக் கொண்டுபோகும் செயலுக்கு இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: நேரடி இடமாற்றம், உயிர்ப்புப் புலப்பெயர்வு, வலசை. மூன்றையும் அகராதிப் பொருத்தம் பார்த்தே எடைபோட்டு வந்திருக்கிறோம். செயல் பழுதில்லாமல் முடியும் நாளில் எந்தச் சொல்லும் பொருந்திவிடும். அது நடுவில் நின்றுபோய், எங்கே நின்றது, ஏன் நின்றது என்று இரண்டு பொறியாளர்கள் நள்ளிரவில் தொலைபேசியில் பேசிக்கொள்ளும்போதுதான் சொல்லின் உறுதி தெரியவரும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து, "இயங்குபெயர்ச்சி" என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

முதலில் "நேரடி". ஒளிபரப்பில் இச்சொல் நிலைபெற்றுவிட்டது; அங்கே பொருந்தவும் செய்கிறது. ஆனால் இடையில் எவரும் எதுவும் இல்லை என்பதே தமிழில் இதன் முதற்பொருள், அந்தப் பொருளுக்கு நம் துறையிலேயே தனித் தேவை இருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் கொண்டு இயந்திரத்தை மாற்றும்போது, நினைவகத் தரவு மூல ஹோஸ்ட்டிலிருந்து (இயந்திரம் ஓடும் மெய்யான கணினியிலிருந்து) இலக்கு ஹோஸ்ட்டுக்குத் தனி இணைப்பில் நேரே போகலாம். அல்லது இரண்டு லிப்விர்ட் சேவைகளுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் இணைப்புக்குள் சுரங்கவழியாகப் போகலாம். நேர்வழிக்கு இலக்கு ஹோஸ்ட்டில் 49152 முதல் 49215 வரையிலான போர்ட்டுகள் இயல்பாகத் திறந்திருக்க வேண்டும். சுரங்கவழிக்கு அவை தேவையில்லை. நான் ஒருமுறை பணிக்குறிப்பில் "நேரடி இடமாற்றம் தோல்வி" என்று எளிதாக எழுதிவைத்தேன். அதைப் படித்த வலையமைப்புப் பொறியாளர் நேர்வழிதான் அடைபட்டிருக்கிறது என்று முடிவுசெய்து, அரை நாள் முழுவதும் தீச்சுவர் விதிகளைத் துருவினார். உண்மையில் மூலச் செயலியில் இருந்த ஒரு கட்டளைத் தொகுதி இலக்குச் செயலியில் இல்லை. அதனால் இயந்திரம் அந்தப் பக்கம் தொடங்கவே மறுத்திருந்தது. பிழை அவருடையதன்று, என் சொல்லினுடையது.

"உயிர்ப்பு" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சொல்லை வைத்தால் தோல்வி அறிக்கை ஒவ்வொன்றும் இரங்கற் குறிப்பாகிவிடும். புலப்பெயர்வு மனிதர்களுக்கு நேர்வது, அதன் கனத்தை ஒரு வட்டுக் கோப்பின்மேல் ஏற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வலசை அழகான சொல்தான், ஆனால் அடிப்படையில் தவறான படத்தைத் தருகிறது. வலசை போகும் பறவை புறப்பட்டபின் பழைய இடத்தில் இருப்பதில்லை. இங்கே இயந்திரம் கடைசிக் கணம் வரை மூலத்திலேயே ஓடுகிறது. வழியில் இருப்பது அதன் படி மட்டுமே. பழுதறிவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுதான்: பாதியில் இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் எதுவும் இழக்கப்படுவதில்லை, மூலம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பெயர்ச்சி என்ற சொல்லோ இடம் மாறும் பொருள் நிற்காமலே மாறுவதைக் குறிக்க ஏற்கெனவே பழகிய சொல். கோள் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போவதைப் பெயர்ச்சி என்கிறோம். அதற்காகக் கோள் தன் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. "இடப்பெயர்ச்சி" இயற்பியலில் வேறொரு கருத்துக்குக் குடியேறிவிட்டதால் அதைத் தொட வேண்டாம். "இயங்கு" என்ற முன்னொட்டு இங்கே தேவைப்படுவதற்குக் காரணம், அதற்கு எதிர்ச்சொல்லும் தேவைப்படுவதுதான். மைக்ரோசாஃப்டின் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி 2008-இல் தந்த வசதி இயந்திரத்தின் நிலையைச் சேமித்து, உறங்கவைத்து, மறுபக்கத்தில் எழுப்பியது. நிறுத்தாமல் மாற்றும் வசதி விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல்தான் வந்தது. முன்னதை "ஓய்வுப்பெயர்ச்சி" என்றும் பின்னதை இயங்குபெயர்ச்சி என்றும் சொன்னால் வேறுபாடு சொல்லிலேயே விளங்கும்.

இலக்கணம் அறிந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டவுடன் மறுத்தார். "இயங்குபெயர்ச்சி" வினைத்தொகை, விரித்தால் இயங்குகின்ற பெயர்ச்சி என்றாகும், இயங்குவது பெயர்ச்சியா இயந்திரமா என்பது அவர் கேள்வி. வினைத்தொகையில் பின்னால் நிற்கும் பெயர் எப்போதும் எழுவாயாக இருக்க வேண்டியதில்லை. எழுதுகோல் தானாக எழுதுவதில்லை, உண்கலம் உண்பதில்லை, குடிநீர் எதையும் குடிப்பதில்லை. இயங்கும்போதே நடக்கும் பெயர்ச்சி என்று விரிக்க இடமிருக்கிறது. மாற்றாக "ஓடுபெயர்ச்சி" என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஓடு பெயர்ப்பது கூரை வேலை செய்வோரின் சொல்லாயிற்றே.

தன்வினை, பிறவினை வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். இயந்திரம் பெயர்கிறது, நிர்வாகி பெயர்க்கிறார். நிகழ்வுப் பதிவில் "பெயர்ந்தது" என்றும், கட்டளைகளில் "பெயர்த்திடு" என்றும் எழுதலாம். பொத்தானில் மட்டும் வெறும் "பெயர்" என்று எவரும் எழுதிவிடக் கூடாது. அதே சாளரத்தில் இயந்திரத்தின் பெயரைக் கேட்கும் பெட்டியின் தலைப்பும் "பெயர்" என்றுதான் இருக்கும்.

இனி இச்சொல்லின் கிளைச் சொற்கள். பழுதறிவது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். நினைவகம் முழுவதும் ஒருமுறை அனுப்பப்படுகிறது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் சில பக்கங்களில் (நினைவகத்தின் சிறு கூறுகளில்) மீண்டும் எழுதுவதால் அவை அடுத்த சுற்றில் மறுபடியும் அனுப்பப்படுகின்றன. இப்பக்கங்களை "அழுக்குப் பக்கம்" என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அழுக்கு என்றால் கழுவ வேண்டும் என்ற எண்ணமே தமிழில் எழும். இங்கோ அந்தப் பக்கத்தில்தான் புதிய, சரியான தரவு இருக்கிறது, இலக்குக்குப் போய்ச் சேர்ந்த பழைய படிதான் பயனற்றது. "மாறிய பக்கம்" என்ற எளிய சொல்லே போதும்.

கணக்கைப் பாருங்கள். 64 ஜிபி நினைவகம், நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பு, அதாவது ஏறத்தாழ நொடிக்கு 1.25 ஜிபி. முதற்சுற்றுக்கு 51 நொடி ஆகும். இயந்திரம் நொடிக்கு 0.25 ஜிபி அளவுக்குப் பக்கங்களை மாற்றினால், அதற்குள் 12.8 ஜிபி மாறியிருக்கும். அதை அனுப்ப 10 நொடி, அதற்குள் 2.56 ஜிபி, பிறகு 0.5 ஜிபி, பிறகு 0.1 ஜிபி. இயந்திரத்தை இயக்கும் மென்பொருளான க்யூஎம்யூ இயல்பாக 300 மில்லிநொடி நிறுத்தத்தை ஏற்கும், அந்நேரத்தில் 0.375 ஜிபி அனுப்பிவிடலாம் என்பதால், எஞ்சியது 0.1 ஜிபி ஆனவுடன் இயந்திரம் ஒரு கணம் நிறுத்தப்பட்டு மீதியும் அனுப்பப்படும். ஸென் மெய்நிகராக்கியில் இம்முறையை விளக்கிய 2005-ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுச் சேவையகத்தை 60 மில்லிநொடி நிறுத்தத்தில் மாற்றிக் காட்டியது. ஆனால் இயந்திரம் பக்கங்களை மாற்றும் வேகம் அனுப்பும் வேகத்தைத் தொட்டுவிட்டால் எஞ்சியது குறையவே குறையாது. திரையில் முன்னேற்றக் கோடு முடிவுக்கு அருகே போய்ப் பின்வாங்கி மீண்டும் போகும். கேட்டால் "தொங்குகிறது" என்போம். அது தொங்கவில்லை, முழுமூச்சாக ஓடியும் பிடிக்க முடியாமல் துரத்திக்கொண்டிருக்கிறது. இந்த நிலைக்கு "குவியாமை" என்று முன்பு எழுதினோம். அது கணிதத்துக்குச் சரி. பணிக்குறிப்புக்கு "எட்டாமை" என்பதே பொருத்தம். எட்டாமை என்று எழுதிய உடனேயே மருந்தும் தெரிந்துவிடுகிறது: அனுப்பும் வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். க்யூஎம்யூவின் தானியங்கி வசதி செயலி நேரத்தை முதலில் 20 விழுக்காடு அடக்கி, பலிக்காவிட்டால் 10 விழுக்காடாகக் கூட்டிக்கொண்டே போகும். இதை "வேகமடக்கல்" எனலாம்.

கடைசிக் கணத்தில் இயக்கம் மூலத்திலிருந்து இலக்குக்குப் போவதற்குச் சிலர் "கைமாற்று" என்றார்கள். கைமாற்று என்பது திருப்பித் தர வேண்டிய கடன். இங்கே திரும்பி வருவது எதுவும் இல்லை. "பொறுப்பேற்பு" என்று வைக்கலாம். பொறுப்பேற்பு என்ற எல்லைக்கோட்டை வரைந்துவிட்டால் முன்நகல், பின்நகல் என்ற இரண்டும் விளக்கமின்றியே புரியும். பொறுப்பேற்புக்குமுன் நினைவகத்தைப் படியெடுப்பது முன்நகல். முதலில் பொறுப்பேற்று, பிறகு தேவைப்படும் பக்கங்களை மூலத்திலிருந்து இழுப்பது பின்நகல். பின்நகலில் எட்டாமை என்ற பழுதே வராது. ஆனால் பொறுப்பேற்புக்குப் பின் இணைப்பு மீளாமல் போனால் இயந்திரத்தின் நிலை பாதி இங்கும் பாதி அங்குமாகச் சிதறி, இரண்டு பக்கமும் பயனற்றுப்போகும். எனவே தோல்வி அறிக்கையின் முதல் வரியிலேயே பொறுப்பேற்புக்கு முன்பா பின்பா என்பது எழுதப்பட வேண்டும்.

வட்டுகளை இதே சொல்லுக்குள் அடக்க முடியாது என்பது என் கருத்து. ஒரே கொத்துக்குள் பொதுச் சேமிப்பகம் இருந்தால் வட்டு அசைவதே இல்லை. கொத்து மாறும்போது குடித்தனக்காரர் தட்டுமுட்டுச் சாமான்களோடு போவதுபோல அதுவும் போக வேண்டும். ஆயினும் அது போகும் விதம் வேறு. முதலில் வட்டு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அது முடிந்தபின் இயந்திரம் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் எழுதப்படுகிறது. அந்நிலை எட்டிய பிறகே நினைவகத்தின் முறை வருகிறது. பல மணி நேரம் எடுப்பது இந்த முதற்கட்டம்தான். இதையும் பெயர்ச்சி என்று சொல்வதால்தான் "பெயர்ச்சி மூன்று மணி நேரமாக நிற்கிறது" என்ற முறையீடு வருகிறது, நாமும் நினைவகத்தில் பழுதைத் தேடத் தொடங்குகிறோம். இதற்கு, இணையாக வைக்கப்படும் படி என்ற பொருளில், "வட்டு இணைப்படி" என்று முன்மொழிகிறேன். இலக்கில் முன்கூட்டியே உருவாக்கிவைத்த வட்டு மூல வட்டைவிடச் சிறியதாக இருப்பது போன்ற பழுதுகள் இணைப்படியின் பழுதுகள். செயலிப் பொருத்தமின்மை பெயர்ச்சியின் பழுது. பொறுப்பேற்றபின் இயந்திரம் வலையமைப்பில் தொடர்புக்கு அகப்படாமல் போவது இரண்டும் அல்ல. இயந்திரத்தின் முகவரி இப்போது சுவிட்சின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்ற அறிவிப்பு சுவிட்சுகளைச் சென்றடையவில்லை, அல்லது இலக்குக் கொத்தில் அந்த விலான் (தனியாகப் பிரிக்கப்பட்ட மெய்நிகர் வலையமைப்பு) இல்லவே இல்லை என்பது அங்கே காரணம்.

"இணைப்படி" பற்றி எனக்கே ஒரு தயக்கம் உண்டு. மின்னஞ்சலில் இணைப்பு, படிவத்தில் இணைப்பு என்று அச்சொல் ஏற்கெனவே பல இடங்களில் உழைக்கிறது. அவசரத்தில் படிப்பவர் அதை "இணைப்பு படி" என்று பிரித்துவிடக்கூடும். இதைவிடத் தெளிவான சொல் தோன்றினால் எழுதுங்கள். இயங்குபெயர்ச்சி, மாறிய பக்கம், எட்டாமை, வேகமடக்கல், பொறுப்பேற்பு ஆகிய ஐந்துக்கும் மறுப்பு இருந்தால், நீங்கள் கடைசியாக எழுதிய தோல்வி அறிக்கை ஒன்றில் அச்சொல்லைப் பொருத்திப் பார்த்து, எந்த வாக்கியத்தில் அது இடறுகிறது என்று அந்த வாக்கியத்தோடு அனுப்பினால் நலம்.