ஜமக்காளக் கடையின் இணையதளத்தைக் கண் தெரியாதவரும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி?

கூடுதுறை (பவானி) கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜமக்காளம் நெய்கிறோம். பின்கட்டில் நான்கு குழித்தறிகள் இருக்கின்றன. அகலமான விரிப்பு என்றால் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தறியில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து நெய்வார்கள். போன ஆடியில் நானே ஓர் இணையதளம் செய்து போட்டேன். நான் படித்தது வணிகவியல். ஒரு டெம்ப்ளேட்டை வாங்கி, படங்களை மாற்றி, தமிழில் எழுதி ஏற்றினேன். மாதம் பத்துப் பன்னிரண்டு ஆர்டர் வருகிறது.

சென்ற வாரம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். அவருக்குப் பார்வை கிடையாது. மகளின் சீருக்கு ஜமக்காளம் எடுக்க எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். "படம், படம், படம் என்றுதான் என் போன் சொல்கிறது அம்மணி. எது எத்தனை அடி, என்ன விலை என்று ஒன்றும் பிடிபடவில்லை" என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இரண்டு எடுத்துக்கொண்டார். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை சிரமத்துக்குப் பிறகும் நன்றி சொல்லி வைத்தார்.

அதன் பிறகு என் பக்கத்தை நானே பார்த்தால் குறையாகத்தான் தெரிகிறது. அளவும் விலையும் உள்ள பட்டியலை அச்சகத்தில் தட்டச்சு செய்து வாங்கி, படமாக ஏற்றியிருக்கிறேன். இருப்பு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்துவிட்டால் சிவப்புப் புள்ளி. ஆர்டர் படிவத்தில் ‘பெயர்’, ‘ஊர்’ எல்லாம் பெட்டிக்குள்ளேயே மங்கலாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து. இதை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும்? எதைப் படிக்க வேண்டும்? திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், பக்கத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா? இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன்.

கோபி வாத்தியார் எழுதியது:

அம்மணி, நான் இருபத்திரண்டு வயதில் பார்வை இழந்தவன். கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துகிறேன். நேற்று இரவு உங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் தமிழை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று உளறியது. காரணம் சின்னது. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று எச்டிஎம்எல்லின் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) தொடக்கக் குறியில் குறிக்க வேண்டும். டெம்ப்ளேட் செய்தவர் அதில் ஆங்கிலம் என்று வைத்திருக்கிறார், நீங்கள் மாற்றவில்லை. அங்கே தமிழுக்குரிய ‘டி, ஏ’ என்ற இரண்டு எழுத்துகளைப் போடுங்கள். தமிழ்க் குரல் உள்ள எந்தக் கருவியும் அதன் பிறகு சரியாக வாசிக்கும்.

அடுத்தது படங்கள். ஒவ்வொரு படத்தையும் இணைப்பாக வைத்து, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதனால் என்விடிஏ கோப்பின் பெயரை எண் எண்ணாக வாசிக்கிறது. பதினெட்டு ஜமக்காளமும் எனக்குப் பதினெட்டு எண்களாகத்தான் வந்தன. அங்கே ‘ஜமக்காளம் படம்’ என்று எழுதினாலும் பயனில்லை, அது படம் என்பதை என் கருவியே சொல்லிவிடும். கடைக்கு வந்து நிற்கிற ஒருவருக்குத் தறியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டும்போது என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள்: "சிவப்பு, பச்சை, கறுப்புப் பட்டைகள் மாறி மாறி வரும் ஜமக்காளம், ஐந்துக்கு ஏழு அடி, முரட்டுப் பருத்தி நூல்." பெருந்துறையில் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் விரித்திருந்த ஜமக்காளத்தின் பட்டைகள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. வெறும் காலில் அதன் சொரசொரப்பும் நினைவில் இருக்கிறது. எனவே நூலின் தன்மையையும் எடையையும் கீழே உள்ள விவரத்தில் கட்டாயம் சேருங்கள். பார்வை உள்ளவருக்கும் அது படத்தில் தெரியாது. பக்கத்தின் மேலே அழகுக்காக வைத்த கோலக் கோடு போன்றவற்றுக்கு மாற்று உரையை வெறுமையாக விடுங்கள். அப்போது என் கருவி அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

விலைப்பட்டியலைப் படமாக வைக்கவே வைக்காதீர்கள். உண்மையான அட்டவணையாகப் போடுங்கள். மேல் வரிசைக்கும் இடது பத்திக்கும் தலைப்புச் செல் என்று குறித்துவிட்டால், நான் ஒரு விலையில் போய் நிற்கும்போது ‘ஆறுக்கு ஒன்பது அடி, விலை’ என்று சேர்த்துச் சொல்லும். அந்தக் குறி இல்லையென்றால் வெறும் எண்தான் கேட்கும்.

அச்சகத்தில் வாங்கிய பட்டியல் என்றதும் இன்னொன்று. அவர்கள் கோப்பாகக் கொடுத்தாலும் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த ‘அம்மா’ எனக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று கேட்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. இருந்தும் சங்க அறிக்கை, கோவில் அழைப்பிதழ் என்று இந்த எம் கே எச் இன்னும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

படிவத்தில் நான் மூன்று முறை தோற்றேன். பெட்டிக்குள் தெரியும் மங்கல் குறிப்பு, எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும். கண் தெரிந்தவரே பாதியில் ‘இது ஊரா, தெருவா’ என்று குழம்புவார். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே லேபிளை எழுதி, அதைப் பெட்டியோடு நிரலில் இணையுங்கள். தவறு வந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிறுத்தாமல், ‘அஞ்சல் எண் ஆறு இலக்கம் இருக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். மவுஸ் இல்லாதவர்கள் ஒவ்வோர் உறுப்பாக நகர்வது டேப் விசையால்தான். ‘கூடையில் சேர்’ என்பதை அதனால் எட்டவே முடியவில்லை. அது பட்டனைப் போல வண்ணம் பூசிய வெறும் டிவ் பெட்டி (எதையும் உள்ளே வைக்க உதவும் பொதுவான உறுப்பு) என்று நினைக்கிறேன். எச்டிஎம்எல்லில் பட்டன் என்ற உறுப்பே இருக்கிறது. அதைப் போட்டால் விசைப்பலகையும் திரைவாசிப்பானும் தாமாகவே அதைப் புரிந்துகொள்ளும்.

நான் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்பதில்லை. ‘எச்’ விசையை அழுத்தித் தலைப்புகள் வழியாகத் தாவுவேன். உங்கள் பக்கத்தில் தலைப்பு என்று நிரலில் குறித்தது எதுவுமே கிடையாது, தடித்த பெரிய எழுத்துதான் இருக்கிறது. இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்டால் ‘மேலும் பார்க்க’ என்று பதினெட்டு முறை. எதை மேலும் பார்ப்பது?

என்விடிஏவை நீங்களே நிறுவிக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கியது அது, முழுக்க இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். இயந்திரத்தனமாக இருக்கிறது என்று தோன்றினால் விண்டோஸில் உள்ள வள்ளுவர் குரலைத் தேர்ந்துகொள்ளலாம்.

பின்னலாடை (திருப்பூர்) எழுதியது:

வாத்தியார் ஐயா காதுக்கு உரியதைச் சொல்லிவிட்டார். நான் மங்கலான கண்ணுக்கு உரியதைச் சொல்கிறேன். ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தளங்கள் வடிவமைக்கிறேன்.

உங்கள் சாம்பல் எழுத்தின் நிற எண் #999999. வெள்ளையின் மேல் அதன் வேறுபாட்டு விகிதம் (எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) 2.85தான். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டியின் இரட்டை ஏ நிலை. சாம்பல்தான் வேண்டும் என்றால் #767676 வரை தேறும். #777777 மயிரிழையில் தோற்றுவிடும். மதிய வெயிலில் மஞ்சள் மண்டி வாசலில் நின்று கைபேசியைப் பார்க்கிறவருக்கு இரண்டுமே போதாது. கறுப்புக்கு நெருக்கமாகப் போங்கள். வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. அதில் அதிகமாக அகப்படும் குறையே மங்கலான எழுத்துதான்.

பச்சை, சிவப்புப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ‘இருப்பு உள்ளது’, ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதிவிடுங்கள். இந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நிறையப் பேர். என் அண்ணனே ஒருவர். சாயப்பட்டறை வேலையை அதனால்தான் விட்டார்.

தமிழ் எழுத்துக்கென்று தனியாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் வரி இடைவெளி குறைவாக இருக்கும். நமக்கு மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கூ’வின் வளைவும் இருக்கின்றன; நெருக்கினால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். வரி இடைவெளியை எழுத்தின் அளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை வைத்துப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம், தெளிவானவை. மெல்லிய எடையை மட்டும் தவிருங்கள். நம் சொற்கள் நீளமானவை. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவை’ என்று ஒரு பட்டனில் எழுதினால் சின்னத் திரையில் வெளியே வழியும். பெட்டிகளுக்கு நிலையான உயரம் கொடுக்காமல், நீண்ட சொல்லை உடைக்க, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அனுமதி கொடுங்கள். விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதை உங்கள் டெம்ப்ளேட் தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையை இன்றே எடுத்துவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர் ஜமக்காளத்தின் நெசவைப் பார்க்கக்கூட அது வேண்டும்.

படிக்க வேண்டியது: இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மைப் பிரிவில் உள்ள பயிற்சிப் பக்கங்கள். படம், அட்டவணை, படிவம் ஒவ்வொன்றுக்கும் உதாரணத்தோடு இருக்கின்றன. நான் மேலே சொன்ன வழிகாட்டி அவர்களுடையதுதான். அதன் முதல் பதிப்பு 1999இல் வந்தது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பயிற்சிப் பக்கங்கள் போதும். எச்டிஎம்எல்லைப் படிக்க எம்டிஎன் தளம். பக்கத்தைச் சோதிக்க வேவ், ஆக்ஸ், குரோமில் உள்ள லைட்ஹவுஸ் என்ற கருவிகள். லைட்ஹவுஸ் நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மாற்று உரை இருக்கிறதா என்று அதற்குத் தெரியும், அதில் எழுதியிருப்பது சரியா என்று தெரியாது.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்க வருவார்கள். வாங்காதீர்கள். ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்தியதால் நான் ஒருமுறை சேர்த்தேன். திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவர் அந்த நிரல் பக்கத்தின் மேல் கொண்டுவரும் பெட்டியைத் தாண்டியே உள்ளே வர முடியவில்லை என்று எழுதினார். அடிப்படைக் குறை அப்படியே இருந்தது. அந்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இதையெல்லாம் சலுகையாக நினைக்கவும் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது.

அந்தியூர் அடிவாரம் எழுதியது:

பர்கூர் மலைப் பக்கம் எங்களுக்கு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். உங்கள் முகப்புப் பக்கம் திறக்கவே இல்லை. படம் ஒவ்வொன்றும் நான்கு எம்பி போல இருக்கிறது, கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றிவிட்டீர்கள். அகலத்தை ஆயிரம் பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் சேமித்தால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். படத்தின் அகல உயரத்தையும் நிரலில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் படம் தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ள, நாங்கள் ஒன்றை அழுத்தப்போய் வேறொன்று அழுந்திவிடும்.

கூடுதுறை (பவானி) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு இரவுகள் உட்கார்ந்தேன். மொழிக் குறி, அட்டவணை, லேபிள்கள், எழுத்தின் நிறம், இருப்புச் சொற்கள் முடிந்துவிட்டன. நேற்று மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் கொண்டு ஒரு ஜமக்காளம் வாங்கிப் பார்த்தேன். எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. நிற்கும் இடத்தைக் காட்டும் கோட்டை டெம்ப்ளேட் மறைத்து வைத்திருந்தது. அதை அரக்கு நிறத்தில் தடிமனாகத் திரும்பக் கொண்டுவந்தேன். முகப்பில் தானாக ஓடிக்கொண்டிருந்த படவரிசையையும் எடுத்துவிட்டேன்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. அப்பா நிறத்தை ‘அரக்கு’, ‘கிளிப்பச்சை’, ‘வாடாமல்லி’ என்றுதான் சொல்வார். மாற்று உரையில் அப்படியே எழுதலாமா, அல்லது சிவப்பு, பச்சை என்றே எழுதட்டுமா?

கோபி வாத்தியார் எழுதியது:

அப்பா சொல்வதையே எழுதுங்கள். வாடாமல்லி என்றால் எனக்கு உடனே நிறம் வந்துவிடுகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத என் மாணவனிடம் கேட்டேன், வாடாமல்லி அவனுக்குத் தொட்டுப் பழகிய பூ. புடவை, வேட்டியோடு பொருத்திக் கேட்கிறவர்களுக்காக, கீழே உள்ள விவரத்தில் ‘கருஞ்சிவப்பு’, ‘இளம்பச்சை’ என்று பொதுச் சொல்லையும் ஒருமுறை சேருங்கள்.

இன்று மாலை மறுபடியும் வந்து கேட்டேன். அட்டவணை தெளிவாக இருக்கிறது. யாரையும் துணைக்கு அழைக்காமல் அளவைப் பார்த்து, விலையைப் பார்த்து, பள்ளி நூலக அறைக்கு ஆறுக்கு ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தேன். ஒரு குறை மட்டும் மீதி இருக்கிறது. ‘ஆர்டர் செய்’ என்று அழுத்திய பிறகு என் கருவி எதுவும் பேசவில்லை. திரையில் ‘ஆர்டர் கிடைத்தது’ என்று ஏதாவது தோன்றியிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. புதிதாகத் தோன்றும் செய்தியைத் திரைவாசிப்பான் தானாகவே அறிவிக்கும்படி குறிக்க, ஏரியா (ARIA) என்ற அணுகல்தன்மைக் குறிகளின் தொகுப்பில் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு ரோல் இருக்கிறது. செய்தி வரும் பெட்டிக்கு அதைக் கொடுங்கள். ஒன்றும் கேட்காததால் நான் இன்னொரு முறையும் அழுத்திவிட்டேன். கோபியிலிருந்து இரண்டு ஆர்டர் வந்திருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள் அம்மணி.