2 செ.மீ. க்ளவுன் மீன் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை தீனி?

அலைவரிசை:
வணக்கம். ஹேட்சரியில பொரிச்ச ஆசெல்லாரிஸ் க்ளவுன் குஞ்சு ரெண்டு வாங்கியிருக்கேன். ஒவ்வொண்ணும் 2 செ.மீ. இருந்தா அதிகம். டேங்க் 60 லிட்டர், சைக்கிள் (கழிவைச் சிதைக்கற பாக்டீரியாவை வளர விடறது) முடிஞ்சு அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுது. "ஒரு வேளை போதும், நாலு பெல்லட் போடுங்க"ன்னு கடையில சொல்லி அனுப்பினாங்க. போட்டா வாயில வாங்கி அப்படியே துப்புதுங்க. பெருசாவது ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணுது, சிறுசு ஹீட்டர் பின்னாடியே நிக்குது. ஒரு வேளை நிஜமாவே போதுமா? ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) முட்டையைப் பொரிக்க வச்சுக் குஞ்சைப் போடணுமா?

கொளத்தூர்வாசி:
போதும் தம்பி. கடல்மீன் வச்சிருக்கறவங்க பட்டினி போட்டுக் கொன்னதை விட ஊட்டி ஊட்டிக் கொன்னதுதான் ஜாஸ்தி. பிஎச் 7-ல இருக்கற தண்ணியில மொத்த அமோனியாவுல விஷமான பங்கு அரை சதவீதம் அளவுதான். நம்ம உப்புத்தண்ணி 8.2. அதே அமோனியா அங்க பத்து மடங்குக்கும் மேல விஷம். 60 லிட்டர்ல ஒரு சிட்டிகை பெல்லட் கல்லுக்கு அடியில போய் ஊறினா காலையில மீன் மேல வந்து மூச்சு வாங்கும். ஒரு வேளை போடு. நடுவுல ஒரு நாள் விட்டாலும் ஒண்ணும் ஆகாது.

ஆனிமோன்வீடு:
கொளத்தூர்வாசி அண்ணா, அமோனியா கணக்கு சரி. ஆனா நடுவுல ஒரு நாள் விடறதெல்லாம் வளர்ந்த மீனுக்கு. இந்தக் குஞ்சு உடம்புல சேமிப்புன்னு என்ன இருக்கு? ஹேட்சரியில நேத்து வரைக்கும் நாளைக்குப் பல வேளை சாப்பிட்டு வளர்ந்திருக்கும். நம்ம வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஒரு வேளைன்னா எப்படி? அதுவும் சென்னையில தண்ணி 28, 29 டிகிரி. வெளிநாட்டுல 25 டிகிரிக்கு எழுதின அளவு இங்க பத்தாது. சூடு ஏறினா மீன் எரிக்கிறதும் ஏறும்.

நாளைக்கு நாலு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷத்துல காலியாகற அளவு. நீங்க ஒரே தடவையா போடறதைத்தான் பிரிச்சுப் போடச் சொல்றேன். இதுல அமோனியா எங்கேருந்து கூடும்?

கொளத்தூர்வாசி:
எழுத நல்லாத்தான் இருக்கு. வீட்டுல நடக்கறது வேற. நாலு வேளைன்னா நாலு சிட்டிகை. அம்மா ஒரு தடவை, தங்கச்சி ஒரு தடவை, மீன் கண்ணாடி கிட்ட வந்து ஆடினதும் பாவம்னு இன்னொரு தடவை. வேலைக்குப் போறவன் மதியத் தீனிக்கு யாரை நம்புவான்? ஆட்டோ ஃபீடரா? நம்ம ஊர் புழுக்கத்துல தொட்டி மேல வச்சா பெல்லட் கட்டி பிடிச்சு ஒரு நாள் மொத்தமா விழும்.

முத்துக்குளி:
ஹேட்சரியில வேலை பார்த்தவன் சொல்லுதேன். ரெண்டு பேரும் வேளைக்குச் சண்டை போடுதீங்க. அந்தப் பையன் துப்புதுன்னு எழுதினதை ஒருத்தரும் தொடல.

க்ளவுன் முட்டை பொரிஞ்சதும் முதல்ல ரோட்டிஃபர்ங்கற நுண்ணிய உயிர்த்தீனி. சில நாள் கழிச்சு ஆர்ட்டீமியா குஞ்சு. உடம்புல வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா பொடித் தீனிக்கு மாத்திருவோம். கடைக்கு வரப்போ மூணு நாலு மாசம் ஆகியிருக்கும், பெல்லட் அதுக்குப் புதுசே இல்ல. ஆனா எந்த அளவு பெல்லட்? ஜப்பான்ல செய்யுத ஓட்டோஹிமேங்கற குஞ்சுத் தீனியில பி1 200-லிருந்து 360 மைக்ரான், பி2 360-லிருந்து 620. இந்த அளவுலதான் அது தின்னு பழகியிருக்கும். கடை டப்பாவுல "ஸ்மால்"னு போட்டிருக்கது பல பிராண்டுல 1 மி.மீ. வரும். வாய்க்குள்ள போகாது, வேற என்ன செய்யும், துப்பத்தான் செய்யும்.

ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு நசுக்குங்க. மாவாப் போறதை ஊதிவிட்டு ரவை பருமனுக்கு நிக்கறதை எடுங்க. மாவைத் தொட்டியில கொட்டாதீங்க, மீன் திங்காது, தண்ணிதான் கெடும். ஒரு மூடியில தொட்டித் தண்ணி விட்டு ஒரு நிமிஷம் ஊற வச்சு, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சுல உறிஞ்சிக்கிடுங்க. வேவ்மேக்கரை (அலை கிளப்புத பம்பை) நிறுத்திட்டு மீன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால மெல்ல விடுங்க. குஞ்சு அசையாம நிக்கும், ரெண்டு கண்ணும் ஒரே துகள் மேல போகும், உடம்பு லேசா வளையும், அப்புறம் ஒரே வெட்டு. அந்த வெட்டைப் பாத்துட்டு அடுத்த துளி. மணல்ல விழுந்ததை அது தேடாது. வெறும் தொட்டியில நடுத்தண்ணியில தின்னு வளர்ந்த பிள்ளை அது. பத்து நிமிஷத்துல வேவ்மேக்கரைத் திரும்பப் போட மறந்துராதீங்க.

யாழ்_நீர்:
நான் உயிர்த்தீனி எண்டுதான் சொல்லுவன். எங்கட பக்கம் கடையளுக்கு வாற கடல்மீன் கனக்கக் கடலில பிடிச்சதுதான். பெல்லட்டைத் திரும்பியும் பாக்காது. ஆர்ட்டீமியா பொரிக்க வச்சுக் குடுத்தாத்தான் வாய் திறக்கும். அசையிற சாப்பாட்டை எந்தப் பசிச்ச மீனும் விடாது. ஹீட்டருக்குப் பின்னால நிக்கிற சின்னனுக்கும் அதைக் குடுத்துப் பாருங்கோ.

முத்துக்குளி:
யாழ் அண்ணே, கடல்ல பிடிச்ச மீனுக்கு நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு. அதுக்குப் பெல்லட் ஒரு சாப்பாடுன்னே தெரியாது. இது அந்தக் கேஸ் இல்ல. மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் க்ளவுன் பொரிக்கிற முறையைச் செஞ்சு காட்டின பிறகு இங்க ஹேட்சரி மீன் கிடைக்குது. அதுக்குக் காசு கொடுத்து வாங்குததே பெல்லட் திங்கும்னுதானே?

கொளத்தூர்வாசி:
இதுல நான் முத்துக்குளி பக்கம். ஆர்ட்டீமியா ருசி காட்டிட்டா அப்புறம் பெல்லட்டைப் பாத்து மூஞ்சைத் திருப்பும்.

ஆனிமோன்வீடு:
அப்படி ஒரேயடியா ஒதுக்கவும் வேண்டாம். ரெண்டு நாளா எதையுமே தொடாத குஞ்சுக்கு அதைக் கொடுத்துப் பசியைக் கிளப்பலாம், கூடவே நசுக்கின பெல்லட்டும். ஆனா அதையே முழுச் சாப்பாடா நம்பக் கூடாது. பொரிஞ்ச கொஞ்ச நேரத்துக்குத்தான் அதுல மஞ்சள் கரு இருக்கும், அதை அதுவே தின்னு தீர்த்துடும். காலையில பொரிச்சதை ராத்திரி போட்டா சத்து குறைஞ்சிருக்கும். டிஹெச்ஏங்கற கொழுப்பு அமிலம் அதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, கடல்மீன் குஞ்சுக்கு அது அவசியம். சத்துக் கரைசல்ல ஊற வைக்கலாம்னாலும் பொரிஞ்ச உடனே வேலைக்கு ஆகாது, வாய் திறக்கவே எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். முட்டை ஓட்டைப் பிரிக்காம ஊத்தறவங்களும் இருக்காங்க. பாட்டில் அடியில டார்ச் அடிச்சா குஞ்சு எல்லாம் வெளிச்சத்துக்குக் கூடும், ஓடு மேல மிதக்கும், அடியிலிருந்து உறிஞ்சி நல்ல தண்ணியில ஒரு தடவை அலசிப் போடுங்க.

அலைவரிசை:
நசுக்கிப் போட்டேன், பெருசு ஒண்ணையும் விடல! வயிறு வெளிய தெரியுது. சிறுசு ரெண்டு துகள் எடுத்துச்சு, பெருசு துரத்தினதும் பழைய இடத்துக்கே போயிடுச்சு. தனியா எடுத்து வைக்கட்டுமா?

கொளத்தூர்வாசி:
வச்சிடு. சின்ன டப்பாவுல போட்டுத் தனியா ஊட்டு.

ஆனிமோன்வீடு:
வேண்டவே வேண்டாம். இப்பதான் இடம் பழகுது. ரெண்டு சிரிஞ்ச் எடுத்துக்கோங்க. பெருசை இந்த மூலையில பிஸியா வச்சுட்டு, ஹீட்டர் பக்கம் இன்னொண்ணை விடுங்க. க்ளவுன் ஜோடியில ஒண்ணு சிறுசாவே இருக்கறது நோய் இல்ல. பப்புவா நியூ கினியில பெர்குலாங்கற க்ளவுன் வகைக் கூட்டங்களை ஆராய்ஞ்சு 2003-ல வெளியிட்டதுல, கீழ்ப்படியில இருக்கற மீன் மேல இருக்கறதை மிஞ்சாத மாதிரி தன் வளர்ச்சியையே அடக்கி வச்சிக்குதுன்னு காட்டியிருக்காங்க. மிஞ்சினா அடி விழும். அதனால நீளத்தைப் பாக்காதீங்க. மேலேருந்து குனிஞ்சு பாருங்க. தலைக்குப் பின்னாடி உடம்பு தலையை விட ஒடுங்கி இருந்தா அது பட்டினி. அப்போ தனியா எடுக்கறதைப் பேசலாம்.

நீலக்கரை:
நடுவுல ஒரு சந்தேகம். பலாவு தீவு நாட்டுல பயோட்டா ஹேட்சரியில வளர்க்கற மாண்டரின் மீனும் பெல்லட் தின்னுமாமே. அதுக்கும் இதே நாலு வேளை போதுமா?

முத்துக்குளி:
போதாது. வாய்க்கு ஏத்த தீனி கொடுத்தா அதுவும் திங்கும், உண்மைதான். ஆனா க்ளவுன் மாதிரி பாஞ்சு திங்காது, பகல் முழுக்கக் கல்லைக் கொத்திக்கிட்டே திரியுத சாதி. கோபிபாட்ங்கற பொடி உயிரி பெருகின பழைய தொட்டி இல்லைன்னா வாங்காதீங்க. தனி இழை போட்டுக் கேளுங்க.

கொளத்தூர்வாசி:
சரி, நான் முடிக்கறேன். தம்பி, மூணு வேளைக்கு ஒத்துக்கறேன், நாலாவதுக்கு மாட்டேன். மூணு வேளைத் தீனியையும் காலையிலேயே ஒரு டப்பாவுல எடுத்து வச்சிடு, அது தீர்ந்தா அன்னிக்குக் கடை மூடியாச்சுன்னு வீட்டுல சொல்லிடு. முதல் ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அமோனியா டெஸ்ட். 0.25 காட்டினா அன்னிக்கே கால் பங்கு தண்ணி மாத்து.

ஆனிமோன்வீடு:
டப்பா யோசனை நல்லா இருக்கு. ஆனா அண்ணா, ராத்திரி லைட் அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு துளி கூடவா கூடாது? பன்னெண்டு மணி நேரம் வெறும் வயிறு.

கொளத்தூர்வாசி:
அந்தத் துளியும் அதே டப்பாவுலேருந்து எடுத்தா எனக்கு ஒண்ணுமில்ல.

முத்துக்குளி:
கடைக்குப் போன் போட்டு எந்தத் தீனி கொடுத்தாங்கன்னு கேளுங்க தம்பி. அதையே ஒரு 10 கிராம் பொட்டலத்துல போட்டுத் தருவாங்க. மைசிஸ் (குட்டி இறால் மாதிரி உயிரி) உறைகட்டியெல்லாம் இப்ப வேண்டாம், 3 செ.மீ. தாண்டட்டும். அப்பவும் தொட்டித் தண்ணியில உருக்கி, வடிகட்டி, பொடியா நறுக்கித்தான் போடணும்.